மச்சானுக்கு ட்ராமா

என் தம்பி மனநல ஆலோசகன் ஆனது செல்போன் வழியாக. இராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருந்தவன், வியாபாரம் படுத்துவிட்ட நேரத்தில் ஏதோ ஒரு இணையப் படிப்பில் சேர்ந்தான். படிப்பு முடிந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோபம், சோம்பல் போன்ற பழைய சங்கதிகள் எல்லாம் ஒழிந்துபோயின. நான் எதிர்த்துப் பேசினால் ட்ரிகர். அம்மா திட்டினால் டாக்ஸிக்.

"நான் எங்கடா டாக்ஸில வாரேன்? பஸ்ஸுலதானே வந்து எறங்குறேன்" என்று அம்மா வாதாடினாள். அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டான். அதுவும் படிப்பில் சொல்லித் தந்ததுதான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். அக்கா வீட்டில் அவன் செய்ததை அப்படித் தள்ள முடியவில்லை.

அக்கா இராமேஸ்வரத்தில் இருக்கிறாள். அத்தான் விசைப்படகில் போகிறவர். கடலில் எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய், இலங்கைச் சிறையில் சில மாதங்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்தவர் பிறகு படகில் கால் வைக்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டாலே உட்கார்ந்த இடத்தில் விறைத்துப்போவார். உழைக்க உடம்பு வளையாமல் நடிக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பி தொண்டையைச் செருமினான்.

"மச்சான், ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன். உங்களுக்கு இருக்கறது ட்ராமா."

அத்தானின் கை சோற்றிலேயே நின்றது. "நீயுமாடா? நான் டிராமாவா போடுறேன்?"

"ஐயோ, அந்த டிராமா இல்ல மச்சான். இது வேற ஸ்பெல்லிங்."

அத்தான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். மனக்காயம் என்று தமிழில் சொல்லாமல், நொந்துபோன மனிதருக்கு எழுத்துக்கூட்டிச் சமாதானம் சொன்ன முதல் ஆலோசகன் என் தம்பியாகத்தான் இருப்பான்.

அக்கா அழத் தொடங்கினாள். உடனே அவளையும் கையில் எடுத்தான். "இதுக்குத்தான்க்கா, உனக்குன்னு ஒரு எல்லை வச்சுக்கணும். அதத் தாண்டி யாரையும் விடக் கூடாது."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எல்லை தாண்டுனாருன்னுதான்டா அங்கன புடிச்சு வச்சிருந்தாக. இங்கன நீ வேற எல்லை போடுறியா?"

அவனுக்கு உறைக்கவே இல்லை. "சூப்பர்க்கா! இப்படித்தான் வெளிய கொட்டணும்" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் இந்தக் கதையைப் பேசி வீடியோ போட்டான். பெயர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாதா என்ன? படகுத்துறையில் இளவட்டங்கள் அத்தானை "ட்ராமா அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் போன் செய்தேன். "ஏலே, அந்த வீடியோவ எடுத்துரு."

"உன் குரல்லயே நெகட்டிவிட்டி இருக்குக்கா. என் மன அமைதிய நான்தானே பாத்துக்கணும்?" என்றான். அதைப் பாதுகாக்க என் எண்ணையே பிளாக் செய்துவிட்டான்.

கடைசியில் அக்காவும் நானும் அத்தானை இராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா எந்தப் பெரிய வார்த்தையும் சொல்லவில்லை. "படுத்தா தூக்கம் வருதா? சத்தம் கேட்டா என்ன நெனப்பு வருது?" என்று கேட்டார். அத்தான் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு பேசினார். ஊர் திரும்பியதிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. மாத்திரையும் தொடர்ந்து போய் வந்ததுமாகச் சில மாதங்களில் தூக்கம் பிடித்தது. இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கடலுக்குப் போகவில்லை. போக வேண்டாம் என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

தம்பி இன்னொரு வீடியோ போட்டான். தன் குடும்பத்திலேயே ஒருவரை இருளிலிருந்து மீட்டெடுத்த அனுபவமாம். அம்மா அதைப் பூரிப்போடு கொண்டுவந்து அத்தானிடம் காட்டினாள். அவர் முழுவதும் பார்த்தார்.

"பேச்சு நல்லாத்தான் வருது அவனுக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அம்மா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் அத்தானுக்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தான்.