படைக்காத பழம்

வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பழைய கிடங்கு ஒன்றில் இயங்கும் சிறிய முருகன் கோயில். கதவு திறந்தே கிடக்கிறது, வாசலில் காலணிகள்.

நோவா யூத மாணவன். மாதம் ஒருமுறை பல மத இளைஞர்களை ஒரு வழிபாட்டிடத்துக்கு அழைத்துப்போகிறான். ஒருவரையொருவர் அஞ்சாமல் பழக வேண்டும் என்பது அவன் எண்ணம்.

இந்த மாதம் இந்தக் கோயில்; வழக்கமாக இங்கே வரும் நான் அவன் பக்கத்தில் நிற்கிறேன். பூசை முடிந்து பிரசாதத் தட்டு அவனிடம் வருகிறது. வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ண அவன் மதத்தில் அனுமதி இல்லை. மறுத்தால் அழைத்தவர்கள் மனம் நோகும். முகம் சிவக்க, ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லிவிடுகிறான்.

பரிமாறும் சாந்தி அக்கா உள்ளே போகிறார். கடைப்பையிலிருந்து, இன்னும் படைக்காத வாழைப்பழம் ஒன்றை எடுத்துவந்து நீட்டுகிறார். அவன் உரித்துச் சாப்பிடுகிறான்.

"கோபம் வரலையா அக்கா?" என்று கேட்கிறேன்.

"பழத்துக்குக் கோவிச்சவர் உள்ள நிக்கிறார், அண்ணை. நான் என்னத்துக்குக் கோவிக்க? வேலையிடத்தில மாட்டிறைச்சி தந்தா நானும் ஏலாதெண்டுதானே சொல்லுறனான்."

அடுத்த மாதச் சந்திப்பு யூத ஆலயத்தில். அக்காவும் வருவதாகச் சொல்கிறார். அடையாள அட்டை கொண்டுவரச் சொல்கிறான் நோவா. தாக்குதலுக்கு அஞ்சி, அங்கே வாசலில் எப்போதும் போலீஸ் நிற்கும்.