ரிஜெக்ட் 7

போன வாரம் என் மடிக்கணினி ஒரு பெரிய அப்டேட் வந்திருப்பதாகச் சொன்னது. சரி என்று அழுத்தினேன். இடம் போதாது, இருபது ஜிபி காலி செய் என்றது. எதையும் லேசில் தூக்கி எறிகிற ஆள் நான் இல்லை. தீர்ந்த பிளாந்தா மார்ஜரின் டப்பாவைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அப்புறம் எங்கே இருபது ஜிபி?

மூன்று நாளாகச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்கிறேன். எப்போதோ விற்றுவிட்ட காரின் காப்புறுதிப் பத்திரம் இருக்கிறது. ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியை எடுத்த நாற்பது படங்கள் இருக்கின்றன. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கே இப்போது மூன்று பிள்ளைகள். படங்களில் எல்லோரும் வாயில் சோற்றோடு இருக்கிறார்கள். அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "கண்ண மூடிக்கிட்டு டிலீட் பண்ணுலா. யாரு வந்து கேக்கப் போறா?"

"முந்தி ஒருத்தங்க கேட்டாங்க" என்றேன். அவருக்கு அந்தக் கதை தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். உங்களுக்குத் தெரியாதல்லவா, சொல்கிறேன்.

எனக்கு முதல் வேலை கமுந்திங்கில், ரப்பர் கையுறை செய்கிற ஒரு தொழிற்சாலையில். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. அம்மோனியா கலந்த ரப்பர் பால். எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது. தோட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். நானும் படித்துச் சான்றிதழ் வாங்கி, பஸ் பிடித்துப் போய், அதே பாலிடம்தான் சேர்ந்தேன். அப்பா சிரித்தார். "நான் பால் எடுத்தேன். நீ கையுறைய எண்ணு" என்றார்.

உண்மையிலேயே எண்ணுகிற வேலைதான். எந்த ஷிப்டில், எந்த வரிசையில், எத்தனை கையுறை ரிஜெக்ட் ஆனது, ஓட்டையா, கிழிசலா, கறையா என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சோதனைப் பிரிவு முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததால் என்னைப் பெரிய ஆபீசர் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் லிம் வந்தார். வெள்ளிக்கிழமை ஆள் வந்து புது சிஸ்டம் போடப் போகிறார், ஒன்றரை ஜிபி இடம் வேண்டும் என்றார். "ரிஜெக்ட் லாமா செமுவா புவாங்லா" என்று கையை வீசிவிட்டுப் போனார். பழைய ரிஜெக்ட் கணக்கையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறார். நானும் வேகமாக இறங்கினேன். ரிஜெக்ட் 1, ரிஜெக்ட் 2 என்று வரிசையாக இருந்ததை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். திறந்து பார்க்கவில்லை. சுத்தமாக வேலை செய்கிறோம் என்று ஒரு பெருமை வேறு.

மறுநாள் ரேஹாட் நேரத்தில், அதாவது சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டெல்லா அக்கா வந்தார். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுகிற வரிசையில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். எல்லோரும் சாப்பிடப் போனபின் அந்தக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருப்பார். நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

அன்றைக்குத் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். "தங்கச்சி, ரிஜெக்ட் ஏழுன்னு ஒண்ணு இங்க இருந்துச்சே?"

"தெரியலயேக்கா" என்றேன். வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார், அவர் வந்தபின் எல்லாப் பழியும் அவர் தலையில் போய்விடும் என்று மனசு உடனே கணக்குப் போட்டது. இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைய மனசு அப்படி.

வீட்டில் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை கேண்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்து சொன்னேன். "அக்கா, நான்தான் அழிச்சேன்."

"நேத்து தெரியலன்னியே?"

"பயந்துட்டேன்க்கா."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். "அத எழுத எனக்கு எட்டு மாசமாச்சு. சொந்த வேல பாக்குறேன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னுதான் அந்தப் பேரு வச்சேன்" என்றார். பிறகு அதில் என்ன இருந்தது என்று மெல்லச் சொன்னார்.

அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. பன்னிரண்டு வயதில் மற்ற பிள்ளைகளுக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, வந்தபோது இவருக்கு வந்தது சிவப்பு. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கலாம். இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இல்லை. ஒரு தடவையாவது வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. குடியுரிமைக்கு விண்ணப்பித்து, ஒருவழியாக நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. இன்னும் மூன்று வாரம். இங்கேதான் பிறந்தார் என்று பழைய தோட்டத்து ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டிய சூராட், சாட்சிக் கடிதங்கள், அவைதான் ரிஜெக்ட் ஏழு. பென்சிலில் குறித்து வைத்திருந்த தாள்களை, கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று என்று எறிந்துவிட்டாராம். அத்தனை கடிதமும் சேர்ந்தால் ஒரு பாட்டின் கால்வாசி இடம்கூட அடைத்திருக்காது. அதை அழித்து நான் ஒரு இடமும் மிச்சம் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவரிடம் கெஞ்சினேன். ஏதேதோ செய்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புது சிஸ்டம் ஏறியது. நீல நிறத்தில் பளபளவென்று இருந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம வேல இருக்கா உனக்கு?"

"இல்லக்கா."

"அப்ப என்கூட வா. நீ அழிச்சத நீயே எழுது."

அப்படித்தான் போனோம். முதல் ஞாயிறு ஈப்போ வந்து, பஸ் மாறி, பத்து காஜா என்ற ஊர். தோட்டத்தில் லோரி ஓட்டிய கருப்பையா அங்கே மகன் வீட்டில் இருந்தார். பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டே முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார், கையெழுத்துப் போட்டார், காப்பி குடிக்காமல் விடமாட்டேன் என்றார். அழித்தவள் நான் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் சீனி போடாமல் கொடுக்கச் சொன்னார். கேலிதான். ஆனால் நிஜமாகவே சீனி இல்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "ஞானஸ்நானச் சீட்டு இல்லியாக்கா?"

"தோட்டத்துக் கோயில்லதான் குடுத்திருப்பாங்க, கேக்க அம்மாவும் இல்ல. தோட்டத்த வித்தப்ப அந்தக் கோயிலும் போச்சு, புக்கும் போச்சு."

அடுத்த ஞாயிறு தாப்பா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீரம்மா வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்காவின் அம்மாவும் அவரும் ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பக்கத்து வீடு. நான் நோட்டைத் திறந்தேன். வேலைப் பழக்கம் பாருங்கள், எனக்கு எல்லாவற்றையும் கட்டம் போட்டுத்தான் கேட்க வரும். என்ன மாதம்? மழையா வெயிலா? கூட யார் இருந்தது? பிறகு என்ன நடந்தது?

"மழயின்னா அப்படி ஒரு மழ" என்றார் வீரம்மா, எண்ணெயில் வடையைப் புரட்டியபடி. "பேரு வைக்கிற அன்னைக்கிப் பாதர் தோட்டத்துக்கு வர முடியல. ரோட்டுல தண்ணி ஏறி லோரி நின்னுபோச்சு. உங்கம்மா பிடிவாதக்காரி. புள்ளய மாருல போட்டுக்கிட்டுக் காட்டுப் பாதையில டவுனுக்கே நடந்துட்டா. நான்தான் கொட புடிச்சேன். நமக்கு மாரியாத்தால்ல, மாதா கோயிலுக்குள்ள நான் போகல. சன்னல்ல நின்னு பாத்தேன். பெரிய புக்குல எழுதினாங்க."

ஸ்டெல்லா அக்கா அடுப்புக்கு அருகில் நெருங்கினார். "முந்தி வந்தப்ப இத சொல்லவே இல்லியேக்கா?"

"நீ எங்க கேட்ட? நான் இங்கதானே பொறந்தேன்னு கேட்ட. ஆமான்னேன்."

வடையைக்கூட வாங்காமல் டவுன் மாதா கோயிலுக்கு ஓடினோம். பூசை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்தார். மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. மசி பழுப்பேறிய கையெழுத்தில் ஸ்டெல்லா என்ற பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த நாள்.

அக்கா அந்த வரியில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. "ஐசில ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கான். இங்க நவம்பர். இத்தன வருசமா தப்பான நாள்ல கேக் வெட்டியிருக்கேன் பாரு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்தான். அந்த அலுவலகக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

நேர்காணலில் கடிதங்களை விட அந்த ஞானஸ்நானச் சான்றைத்தான் நெடுநேரம் பார்த்தார்களாம். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் காத்திருந்தார். நீல ஐசி வந்த அன்று சோதனை வரிசையில் எல்லோருக்கும் குவே பலகாரம் வாங்கிக் கொடுத்தார். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தார். ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். விரல்தான் பெரிதாக இருந்தது, முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. இந்த வாரம் அழிக்காமல் வைத்த படங்களில் அதுவும் ஒன்று.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், வாசலுக்கு வாசல் கார். கமுந்திங் தொழிற்சாலையில் கையுறையைத் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடிய அந்த மேசைகள் போய்விட்டன, இயந்திரமே பார்த்துக்கொள்கிறதாம். கருப்பையா நாங்கள் போய்வந்த அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். வீரம்மா அவருக்கும் முன்னால், தீபாவளிக்குச் சில நாள் இருக்கையில்.

நேற்று ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். அறுபதைத் தாண்டிவிட்டார், குரல் அப்படியேதான் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போய்வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நான் பொறந்தத கண்ணால பாத்தவங்க இப்ப ஒருத்தருமே இல்ல தங்கச்சி. நீ மட்டும் அன்னைக்கி அழிக்காம இருந்திருந்தா, நான் ரெண்டாந்தரம் போயிருக்கவே மாட்டேன்லா."