எனக்காகத் தோற்றவர்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. மாவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற காலம். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் எங்கள் வீடு. துறைமுகத்தில் கப்பலேறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணிக் கணக்கு வைக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றிருந்தேன். வேலை விட்டும் எண்ணுவது விடவில்லை. கோயில் படி, கறியில் கிடக்கும் மீன்துண்டு, தெருவில் போகும் லொறி, எதையும் எண்ணாமல் விடமாட்டேன்.

ஒருநாள் காலை முகம் கழுவும்போது வலது கையிலிருந்து செம்பு நழுவியது. மனைவியைக் கூப்பிட வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இந்த வருத்தத்துக்குப் பெயர் பாரிசவாதம் என்றார்கள். பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட பிரசர்தான் காரணம் என்றார் டொக்டர்.

கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்தது. எண்கள்தான் வரவில்லை. பதினேழுக்குப் பிறகு என்ன என்று யோசித்தால் வியர்த்துவிடும். வீட்டில் எல்லோரும் என் காலைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். எனக்கோ தலைக்குள் எல்லாம் கலைந்து கிடப்பதுதான் பயமாக இருந்தது.

பிரசர் மருந்துக் குளிசை ஒருநாளும் தவறக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், சுருட்டை விட வேண்டும், நடக்க வேண்டும், மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. நடப்பதற்குப் பாண்கடை இருந்தது. மூளைக்கு, பழைய கூட்டாளிகளோடு முந்நூற்றுநாலு விளையாடலாமா என்று கேட்டேன். நாலு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும் கடுதாசி விளையாட்டு அது. சீட்டுகளுக்குப் புள்ளி உண்டு. விழுந்ததையெல்லாம் நினைவில் வைத்து மனதுக்குள் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

"அதைவிட நல்ல மருந்து என்னட்டை இல்லை," என்றார் டொக்டர்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "தோத்தா நீங்கள் கத்துவீங்கள். கத்தினா பிரசர் ஏறும்," என்று கொஞ்ச நாள் மறித்தாள். பிறகு ஏனோ திடீரென்று சம்மதித்தாள்.

புதன்கிழமை பின்னேரங்களில் மூன்று பேர் வருவார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் என் மனைவியின் தம்பி. முன்பெல்லாம் கருவாட்டோடு வருகிற மச்சான் இப்போது வாழைப்பழத்தோடு வந்தார். தபால் கந்தோரில் வேலைசெய்த நண்பர் என் கட்சி. கடைத்தெருவில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, எங்களுக்கு நானா, மச்சானின் கட்சி.

முதல் வாரமே வென்றேன். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். நண்பர்தான் புள்ளியைக் கூட்டிச் சொல்வார்; நான் தலையாட்டுவேன்.

"ஐயா, உங்கட வருத்தம் எனக்கும் கொஞ்சம் வந்தா நல்லம் போல கிடக்கு," என்பார் நானா. "என்ன மாதிரிக் கை விழுகுது உங்களுக்கு."

இரண்டு மாதம் இப்படிப் போனது. மூளை முழுக்கச் சுகம் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான், குளிசை முடிந்தபோது கிளினிக்குக்குப் போகாமல் விட்டேன். இப்படி வெல்லுகிறவனுக்கு இனி என்ன வருத்தம்? வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை. மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு இனம் அந்த ஆட்டத்தில் என்னுடையது. இந்த விளையாட்டில் ஜாக் பெரியது, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. அவசரப்பட்டுத் துரும்பு ஒன்பதை இறக்கிவிட்டேன். இறக்கிய பிறகுதான் ஜாக் இன்னும் வெளியில் வரவில்லை என்பது உறைத்தது. ஒன்பது போய்விட்டது என்றே நினைத்தேன். மச்சான் புள்ளியே இல்லாத துரும்பு எட்டைப் போட்டார். நாலு சீட்டும் சேர்ந்த அந்தப் பிடி எனக்கே வந்தது. மறுபடி துரும்பு இறக்கினேன். துரும்புக்குத் துரும்புதான் போட வேண்டும்; வேறு வழியில்லாமல் மச்சானின் கையிலிருந்து அதே ஜாக் விழுந்தது.

"மச்சான், என்ர ஒன்பது போகேக்க இது உன்ர கையிலதானே இருந்தது?"

"இருந்ததோ? கவனிக்கேல்லை அத்தான்."

"மீசை முளைக்க முன்னம் கடுதாசி பிடிச்ச நீ, முப்பது புள்ளியைக் கவனிக்கேல்லை?"

நானா முகட்டைப் பார்த்தார். நண்பருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

காது சுட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான், நாலு நாளாகக் குளிசை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போது வந்த பயம் செம்பு நழுவிய அன்றும் வரவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனேன்.

என் முகத்தைப் பார்த்ததும் மனைவிக்கு விளங்கிவிட்டது. "உங்களைத் தோக்க விடவேண்டாமெண்டு நான்தான் அவையளைக் கேட்டனான்," என்றாள்.

"நான் நாலு நாளா குளிசை போடேல்லை."

"ஏன்?"

"வெல்லுறன் எண்டு."

அவள் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்துவிட்டாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "நாளைக்குக் காலமை கிளினிக்," என்றாள்.

"ஓம், போறன். உப்பில்லாத சொதியையும் வாய் திறக்காமல் குடிக்கிறன். ஆனா அவையளை ஒழுங்கா விளையாட விடு. எனக்கு எது வருகுது, எது வரேல்லை எண்டு தெரிய வேணும்."

"கத்தமாட்டீங்களோ?"

"கத்தமாட்டன்."

அவளே வெளியில் வந்து, இனி விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றாள். "அக்கா, யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?" என்று மச்சான் கேட்டார். யோசித்துத்தான் சொன்னாள். அன்று மிச்சப் பொழுது முழுக்க என்னை அடித்து நொறுக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போகும்போது நானா சொன்னார்: "இப்பதான் ஐயா நிம்மதி. பொய்யாத் தோக்கிறது வலு கஷ்டமான வேலை."

மறுநாள் டொக்டர் பிரசரை இரண்டு தரம் அளந்தார். உடனே என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். பின்னேரம்தான் வீட்டுக்கு விட்டார்.

அதன்பிறகு பல மாதம் தோற்றேன். நண்பரைக் கூட்ட விடாமல் நானே கூட்டினேன். பிழை வந்தால் திரும்பக் கூட்டினேன். ஒரு மழைக்கால மாலையில் நான் சொன்ன புள்ளியை மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை பிடித்து, சீட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். நான் சொன்னதுதான் சரி. "கிழவன் திரும்பி வந்திட்டான்," என்று சீட்டுகளை மேசையில் எறிந்தார். அவர் முகத்தில் கோபம் உண்மையாகவே இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

இப்போதும், சுகமாகிவிட்டீர்களாமே என்று யாராவது கேட்டால், இல்லை, இன்னும் வருத்தக்காரன்தான் என்றே சொல்கிறேன்; அந்த உண்மையை மறக்காமல் இருப்பதால்தான் இத்தனை வருடமும் ஒருநாள் காலைகூடக் குளிசை போடாமல் நான் வீட்டுப் படி இறங்கியதில்லை.