பிரியாணிப் பெட்டியில் வந்த பவளம்

உயிரற்றதென்று நம்பி எடுத்து வந்த ஒன்று, வீட்டுக்கு வந்த பின் உயிருள்ளதென்று தெரிந்தால், எடுத்தவரின் கடமை என்ன? கொர்ஃபக்கான் கடலிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு கல், எங்கள் ஷார்ஜா வீட்டின் கூடத்தில் இந்தக் கேள்வியை எழுப்பியது.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் நானும் கணவரும் மலைகளைக் கடந்து, அமீரகத்தின் கிழக்குக் கரையிலுள்ள கொர்ஃபக்கானுக்குப் போவது வழக்கம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மேல் குப்புற மிதந்தால், இடுப்பளவு ஆழம் தாண்டியதுமே பவளப்பாறை தொடங்கிவிடும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் விழும். அந்த அரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுவதும் வேலை செய்கிறேனோ என்று தோன்றும்.

அந்த மகிழ்ச்சியை வீட்டிலும் வைத்துக்கொள்ளும் ஆசையில்தான் உப்புநீர்த் தொட்டி ஒன்றை அமைத்தோம். நல்ல தொட்டிக்குக் கடலில் ஊறிய கல் வேண்டும். அதன் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் நீரைக் கெடாமல் காக்கும். கடைக் கற்கள் போதவில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே, மணலில் உருண்டு கிடந்த, பாசி படிந்த கையகலக் கல் ஒன்றை எடுத்தேன். உயிருள்ள பவளத்தைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்தேன். இது செத்த கல்தானே என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். பிரியாணி கொண்டுபோன ஐஸ் பெட்டியைக் கழுவி, கடல்நீர் நிரப்பி, அதில் வைத்து எடுத்து வந்தோம்.

அன்று மாலை தொட்டியின் நீல விளக்கைப் போட்டபோது, கல்லின் ஒரு பக்கத்தில் பச்சை வட்டங்கள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய விரல்கள் நீண்டு அசைந்தன. கணவர் கைதட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை.

மறுநாள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, நாங்கள் மீன் வாங்கும் கடைக்காரரிடம் காட்டினேன். கீழக்கரைக்காரர், இருபது ஆண்டுகளாக இங்கே அலங்கார மீன் கடை நடத்துகிறார்.

"தங்கச்சி, இது கல்லு இல்ல, பவளம். ஒரு மீனு வாங்க வந்தா பத்து கேள்வி கேப்பீங்க. இத மட்டும் ஒண்ணுமே கேக்காம தூக்கிட்டு வந்துட்டீங்களாக்கும்?"

"தெரியாம எடுத்துட்டேன் பாய். அடுத்த சனிக்கிழமை எடுத்த எடத்துலயே வச்சிடறேன்."

"அது மட்டும் வேணாம். உங்க தொட்டி மீனு இந்தோனேசியாவுலேர்ந்து வந்தது. நத்தை எங்கேர்ந்து வந்துச்சோ! அதுக கொண்டாந்த சீக்கு இதுல ஒட்டியிருந்தா, அங்க உள்ள பாறைக்கெல்லாம் பரவிடும்."

"அப்ப எங்க வீட்டுலயே இருக்கட்டுமா?"

"உங்க தொட்டிக்கு வயசு மூணே மாசம். தண்ணி இன்னும் பக்குவப்படல. ரெண்டு வாரம் தாங்குனா பெருசு."

திருப்பி வைக்கவும் வழியில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. திங்கட்கிழமை மாலை அந்த விரல்கள் பாதிதான் வெளியே வந்தன. கிழக்குக் கரையில் பவளம் வளர்க்கும் அரசு ஆய்வகம் ஒன்று இருப்பதை இணையத்தில் கண்டேன். அவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. கணவர் தயங்கினார்.

"நாமளே போன் பண்ணி மாட்டிக்கணுமா? ஃபைன்னா கட்டிடலாம். விசாவுல கை வச்சுட்டா? அது செத்துப்போனா யாருக்குத் தெரியப்போகுது?"

"தினம் இந்தத் தொட்டி முன்னாடிதானே உக்காந்து டீ குடிக்கணும்?"

அவர் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி, பேசு. என் பேரை மட்டும் இழுக்காத."

"வண்டி உங்க பேர்லதான் இருக்கு."

அவருடைய அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. விசாவை நம்பி வாழும் குடும்பத்தில் அது நியாயமான அச்சம். ஆனால் என் அவசரத்துக்கான விலையை அந்தச் சிறு உயிர் கொடுக்கக்கூடாது என்று எண்ணினேன். தொலைபேசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மறுநாளே கொண்டுவரச் சொன்னார்கள்.

அரைநாள் விடுப்பு எடுத்து, அதே பெட்டியில் கொண்டு போனோம். வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"மட்டனா, சிக்கனா?" என்று இந்தியில் கேட்டார்.

"சிக்கன்" என்றார் கணவர், குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போல.

அதிகாரி சிரித்தார், உடனே முகம் மாறியது. செத்த கல்லையும் எடுக்கக்கூடாது, பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டி வளர்வதே அத்தகைய கற்களில்தான் என்று விளக்கினார். இனி எதையும் எடுப்பதில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "கலாஸ், முடிஞ்சுது, போங்க" என்றார். கல் தனித் தொட்டி ஒன்றுக்குள் இறங்கியது. நோய் எதுவும் இல்லையென்று உறுதியானதும் கடலில் பொருத்துவார்களாம். திரும்பும் வழியில் கணவர் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

ஆறு வாரங்கள் கழித்து அதிகாரி ஒரு படம் அனுப்பினார். பச்சை வட்டங்கள் எல்லாமே விரிந்திருந்தன.

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பவை, கடைக்காரர் தம் தொட்டியில் வளர்ந்த பவளங்களிலிருந்து வெட்டித் தந்த துண்டுகள். அவற்றில் ஒன்று வளர்ந்ததும், அதை நானும் இரண்டு வீடுகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் இன்னமும் கொர்ஃபக்கானுக்குப் போகிறோம். கடலிலிருந்து நான் எதையும் எடுப்பதில்லை, செத்த கல்லைக்கூட.