சத்தத்தைக் கூட்டும் பட்டன்

அந்தக் குமிழ் தானாகத் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாரும் தொடாமலே, உள்ளே ஒரு சின்ன மோட்டார் முனக, ஆம்ப்ளிஃபையரின் வெள்ளிக் குமிழ் மெல்ல வலப்பக்கம் நகரும். எதிர்க் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா ரிமோட்டை அழுத்துகிறார், அவ்வளவுதான். தெரிந்தும் பயமாக இருக்கும்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கமும் போய்விட்டது. மிஞ்சியது இடது கை. முப்பது வருடத்துக்கு முன் அவர் ஆசையாக வாங்கிய ஜப்பான் ஆம்ப்ளிஃபையரும் கேசட் டெக்கும் அவர் அறையிலேயே இருந்தன. பேட்டரி கசிந்து பழைய ரிமோட் முரண்டு பிடித்தது. கரோல் பாக் கடைத்தெருவில் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கி வந்தேன். அதன் பட்டியலில் எங்கள் கிழட்டு மாடலுக்கு இடமே இல்லை. கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார்: இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, புதியதில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்துப் பழையதை அழுத்தினால் புதியது கற்றுக்கொள்ளும். எந்தப் பட்டனுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கேள்வி கேட்காது.

நான் சொல்லிக்கொடுத்தது ஓட, நிற்க, கூட்ட, குறைக்க. மற்றதை அப்பாவே கண்டுபிடித்தார். நாகஸ்வரக் கேசட்டைச் சன்னமாக ஓடவிடுவார். தண்ணீரோ, பாத்ரூமோ, ஏதாவது வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டுவார்.

"மாமாவுக்கு வாய் திரும்பி வந்தாச்சு. இனிமே உங்க பாடுதான் திண்டாட்டம்" என்று என் மனைவி சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். ஆர்.கே.புரத்தில் இந்தக் குவார்ட்டர்ஸ் அவள் வேலைக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன் நான்.

திண்டாட்டம்தான். அல்ஜீப்ரா நடுவே நாகஸ்வரம் பிளிறும். "சார், உங்க வீட்ல ஷாதியா, கல்யாணமா?" என்று பிள்ளைகள் சிரிக்கும். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "பையா, ஆவாஸ் தோடா கம்" என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுந்து போய்ப் பார்த்தால் அப்பாவுக்குப் போர்வை நழுவியிருக்கும்.

ஒரு நாள் வகுப்புக்கு முன் இரண்டு ரிமோட்டையும் என் அறைக்கு எடுத்துப்போனேன். கூட்டும் பட்டனுக்குக் குறைப்பதைச் சொல்லிக்கொடுத்தேன். பத்து விநாடி ஆகியிருக்கும். சிவப்பு விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது, கற்றுக்கொண்டேன் என்று.

வகுப்பு முடிந்ததும் பழையபடி மாற்றிவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன். இடையிடையே நானே எட்டிப் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். கீழ்வீட்டு அம்மாள் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். மெத்தையில் தட்டினார். என்னிடம் நீட்டினார்.

"பேட்டரி வீக்கா இருக்கும்ப்பா. நாளைக்கு மாத்திடறேன்" என்றேன்.

நம்பித் தலையாட்டினார்.

ஜனவரி. வெளியே புகையும் பனியும், ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அன்று அடுத்தடுத்து இரண்டு வகுப்பு, காதில் ஹெட்போன். நன்றாகப் பாடம் நடத்தினேன். முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினால் வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

டெக்கில் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. நாகஸ்வரம் கேட்கவில்லை. குமிழ் இடது கோடியில், அதற்கு மேல் திரும்ப முடியாத இடத்தில் நின்றது. கட்டிலுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே, ஜில்லென்ற தரையில், நனைந்த வேட்டியோடு அப்பா கிடந்தார். இடது கை குமிழை நோக்கி நீண்டிருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடக் கூப்பிடச் சத்தம் தேய்ந்திருக்கிறது. கடைசியில் கையாலேயே திருப்பிவிடலாம் என்று இறங்கியிருக்கிறார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கேட்டாள்: "மாமா ரிமோட்டை அழுத்தவே இல்லையா?"

"தெரியல" என்றேன்.

அப்பா வீடு திரும்புவதற்குள் பட்டனைச் சரியாக்கிவிட்டேன். அவர் எதிரிலேயே அழுத்திக் காட்டினேன். குமிழ் வலப்பக்கம் நகர்ந்தது, நாகஸ்வரம் எழுந்தது.

"பாருங்கப்பா, பேட்டரி மாத்திட்டேன்."

அப்பா குமிழைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரிமோட்டை இடது கையால் வாங்கி, சிரமப்பட்டு என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்களைக் கூப்பிடவே இல்லை.