ராஜாவின் தொப்பை

காலை ஆறு இருபது. மணமேல்குடியில் ஏலம் முடிந்து மீன்கூடைகள் தலையேறிக்கொண்டிருந்தன. முதலில் கண்ணில் பட்டது ஒரு சும்மாடு. கூடைக்கும் ஒரு பெண்ணின் தலைக்கும் நடுவே சுருட்டி வைத்திருந்த துணி, கத்தரிப்பூ நிற வெல்வெட். ஓரத்தில் கறுத்துப்போன சரிகை. அதைப் பிடித்திருந்த தையல் ஓரிடத்தில் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நேராகியிருந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மதியம் வசந்தா அக்கா தைத்தது அது.

"இத எங்க வாங்குனீங்கக்கா?"

"புதுக்கோட்டை சந்தையில. கட்டு கட்டா வித்தாங்க, நாடகத் துணியாம். தண்ணி உறிஞ்ச மாட்டேங்குது, மெத்துன்னு மட்டும் இருக்கு. ஏன், ஒங்க வீட்டுதா?"

"இல்லங்க. ஒரு ராஜா போட்டது."

"அப்ப இதத் தலையில வச்சிருக்குற நான் ராணியாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

ஒரு பத்திரிகையில் படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்த வேலை போனபின், குடுமியான்மலைப் பக்கம் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையை அரண்மனையாக்கி எடுத்த நகைச்சுவைச் சரித்திரத் தொடரில் உடைப் பிரிவில் சேர்ந்தேன். எந்தக் காட்சியில் யார் எதை அணிந்திருந்தார்கள் என்று படம் எடுத்து வைப்பதும், மறுநாள் அதே காட்சி தொடரும்போது ராஜாவின் மேல்பொத்தான் திறந்திருந்ததா என்று சொல்வதும் என் வேலை. வீட்டில் மட்டும் 'மீடியாவில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டேன்.

வசந்தா அக்காதான் உடை வடிவமைப்பாளர். எந்த நூற்றாண்டு ராஜா என்று இயக்குநர் சொல்லவில்லை. அதனால் அக்கா சோழர் கச்சையும் மராட்டியர் தலைப்பாகையும் கலந்து, கீழே ரப்பர் செருப்பு போட்டுவிட்டார். கிரீடம் ஸ்பாஞ்ச். வெயிலில் அதன் தங்கப் பெயின்ட் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தொடரின் உண்மையான நகைச்சுவை ராஜாவின் தொப்பைதான். மந்திரி செங்கோலால் அதைத் தட்டுவார், அது குலுங்கும், ஊர் சிரிக்கும்.

தொப்பை அருளப்பனுடையது. ஆவூர்க்காரர், பள்ளி நாடகங்களில் ஏரோது மன்னனாக நடித்துப் பழகியவர். அவர் அளவுக்கு வெட்டிய அங்கி மார்ச் மாதத்தில் தொளதொளத்தது.

"தவக்காலம்ல. ஒருசந்தி இருக்கேன்" என்றார். ஈஸ்டர்வரை ஒருவேளை மட்டும் உண்ணும் விரதம் அது. ஆவூர் ஆட்கள் எல்லாருமே அப்போது கொஞ்சம் வாடித்தான் இருந்தார்கள். நாங்கள் நம்பினோம். அக்கா உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்தார்.

ஈஸ்டர் போய் வெயில் முற்றியது. பஞ்சு போதவில்லை. நாடா வைத்துக் கட்டும் முழுத் தொப்பையே செய்ய வேண்டியதாயிற்று. பஞ்சு குலுங்காது. அதனால் அடியில் ஆலையில் கிடந்த உமியைப் பையில் போட்டு வைத்தோம். ஒலிப்பதிவாளர் கத்தினார்: "ராஜா நடந்தா எலி ஓடுற மாதிரி கேக்குது!" உமியை எடுத்துவிட்டுத் தவிடு போட்டோம். சத்தம் நின்றது. வியர்வையும் தவிடும் சேர்ந்த அந்த வாடை மட்டும் உடை அறையைவிட்டுப் போகவில்லை.

"என்னண்ணே, ஈஸ்டர் முடிஞ்சும் ஒருசந்தியா?" என்று நாடாவை இறுக்கியபடியே அக்கா கேட்டார்.

அருளப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வயித்துல கட்டி. பாக்குறாங்க. ரெஜினாவுக்குத் தெரியக்கூடாது. கிறிஸ்துமஸோட அவ அக்ரிமெண்ட் முடியுது. இப்பத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவா. நர்சு அவ. கன்னத்தப் பாத்தாலே போதும்."

ரெஜினா அவர் மனைவி, குவைத்தில் இருந்தார். அதன்பிறகு வீடியோ அழைப்புகள் எல்லாம் மதிய இடைவேளையில், ஆலைக்குள் நடந்தன. ஒட்டுத்தாடி கன்னத்தை மறைக்கும். மற்றதைத் தொப்பை பார்த்துக்கொள்ளும். நான் போனைப் பிடித்துக்கொள்வேன்.

"எப்பப் பாத்தாலும் ராசா வேஷத்துலயே பேசுறீங்க. வேற சட்டையே இல்லையா?"

"ராஜாவுக்கு ஏதுடி லீவு?"

"சாப்பாடு நல்லாப் போடுறாங்க போல. கொறைங்க, கொலஸ்ட்ரால் வரும்."

அவர் தொப்பையைத் தட்டிக் காட்டுவார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். இந்தப் பக்கம் யாரும் சிரித்ததில்லை.

டிசம்பரில் ரெஜினா வந்தார். ஒட்டுத்தாடியோடு திருச்சி விமான நிலையத்துக்குப் போக முடியாது என்று அருளப்பன் சொந்தத் தாடி வளர்த்திருந்தார். சட்டைக்குள் கட்டிக்கொள்ளத் தொப்பையைக் கேட்டார். அக்கா கொடுத்தார். மந்திரியின் தாடியில் தடவிய பசையை ஊதி உலர்த்திக்கொண்டு, "குனியாதீங்கண்ணே, மேல ஏறிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

தொப்பை கிறிஸ்துமஸுக்குப் பிறகு, மேலுறை துவைத்து, திரும்பி வந்தது. அருளப்பன் வரவில்லை. வேறு ராஜாவைத் தேடினார்கள்.

அடுத்த தவக்காலம் தொடங்குமுன் ஒரு காலை, ரெஜினா தனியாக ஆலைக்கு வந்தார். அவர் சொல்லித்தான் அருளப்பன் இறந்தது எங்களுக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஏர்போர்ட்ல கட்டிப்புடிச்சதுமே தவிட்டு வாசம் வந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கல. அவரும் வழியெல்லாம் ஜோக்கு சொல்லிக்கிட்டே வந்தாரு."

அக்கா தலையசைத்தார்.

"இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குத் தைச்ச கோட்டுதான் அவருக்குப் போட்டிருக்கு. தொளதொளன்னு கெடக்கு. அந்தத் தொப்பையக் குடுக்குறீங்களா?"

அக்கா தொப்பையை எடுத்து, அடித்தையலைப் பிரித்து, தவிட்டைக் கொட்டிவிட்டு வெறும் பஞ்சை அடைத்தார்.

"எறும்பு வரும்லம்மா" என்றார்.

தைத்து முடியும்வரை ரெஜினா இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மாலை ஆவூரில் அடக்கத்தின்போது கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. மடிப்பு இல்லை. பழக்கதோஷத்தில் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வசந்தா அக்கா திருப்பூரில் இரவாடை தைக்கும் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அந்தக் காட்சிகளை இன்றும் யாராவது போனில் அனுப்புகிறார்கள், மந்திரி தட்டுவதும் தொப்பை குலுங்குவதும். தொடர் அதன்பின் ஓராண்டு ஓடியது. புதிய ராஜாவுக்குச் சொந்தத் தொப்பை இருந்தது.