மெயின்டெனன்ஸ் பாஸில் வந்தவர்

எங்கள் பம்புத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டருக்கு எல்லா புரோகிராமையும் எழுதியவர் உமாசங்கர். ஆனால் ஏ.சி. மெக்கானிக்குக்குக் கொடுக்கும் அதே மஞ்சள் மெயின்டெனன்ஸ் பாஸைக் காட்டித்தான் அவர் தினமும் கேட்டைத் தாண்டி உள்ளே வருவார்.

இந்தக் கூத்துக்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மெஷின் வரப்போகிறது என்றதும் யூனியன்காரர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அது வந்தால் தங்கள் வேலை போய்விடும் என்ற பயம். நிர்வாகம் சமாதானம் பேசியது. மெஷின் வரும், ஆனால் அதற்கென்று ஒரு நிரந்தர வேலைகூடப் போட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. சரி, மெஷினை ஓட்டுவது யார்? விற்ற கம்பெனியோடு போட்ட பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே ஆளையும் சேர்த்துவிட்டார்கள். மெஷினோடு மேசை வந்தது, ஏ.சி. வந்தது, உமாசங்கரும் வந்தார்.

நான் கல்பகம். பர்சனல் மேனேஜர் சக்ரபாணியின் ஸ்டெனோ. நிரந்தர வேலை, காலனியில் குவார்ட்டர்ஸ். உமாசங்கரும் அவர் மனைவி பகவதியும் காலனிச் சுவருக்கு வெளியே, செகந்திராபாத் பக்கத்து மௌலா அலி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எங்கள் டிஸ்பென்சரி தெரியும்.

பகவதிக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் காலையில் மூச்சு முட்டியபோது உமாசங்கர் அவளை டிஸ்பென்சரிக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கம்பவுண்டர் எம்ப்ளாயி நம்பர் கேட்டார். இல்லை என்றதும், "அந்தர் நக்கோ சாப்", உள்ளே வரக்கூடாது என்று கதவில் கையை வைத்துக்கொண்டார். டாக்டர் நல்லவர், வெளியே வந்து பெஞ்சில் வைத்தே பார்த்தார். "ஆபரேஷன் பண்ணியாகணும். நீங்க பர்மனென்டா இருந்தா இன்னிக்கே கம்பெனி செலவுல மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கொடுத்துடுவேன்" என்றார். வெளியில் பணம் கட்டிச் செய்துகொள்ள உமாசங்கரால் ஆகாது. அவர் நிரந்தரமானால் பகவதி பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

எண்பத்தாறில் வழி பிறந்தது. யூனியன் கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பதவி போடலாமா, ஒப்பந்தமே போதுமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். சக்ரபாணி அதற்குத் தலைவர். நிரந்தர வேலைக்கான வயது வரம்பைத் தாண்ட உமாசங்கருக்குச் சில மாதங்களே இருந்தன.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் கேன்டீனில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். "உமாசங்கர், நான் சொல்றதக் கேளு. அவா ஒரே ஒண்ணுதான் பார்ப்பா. வேலை தொடர்ந்து இருக்கா, முடிஞ்சுபோற வேலையான்னு. நிறைய பாக்கி இருக்குன்னு சொல்லிட்டு வந்துடு."

"பாக்கி வச்சா நான் வேலை தெரியாதவன்னு நெனச்சுக்க மாட்டாளா, மாமி?"

"இங்க வேலை தெரிஞ்சவனையா பர்மனென்ட் பண்றா?"

சிரித்தார்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டெஸ்பாட்ச் கிளார்க்கின் மேசையில்கூட நாலு கவர் எப்போதும் ஒட்டப்படாமல் கிடக்கும். உமாசங்கர் இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து, பாக்கியிருந்த ஓவர்டைம் கணக்கையும் முடித்துவிட்டு வந்தார்.

கமிட்டியில் கேள்வி வந்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் தயார் சார், இனி பட்டனைத் தட்டினால் சம்பளப் பட்டியல் தானாக வரும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. சக்ரபாணி பேனாவை மூடி வைத்தார். வேலை முடிந்துவிட்டதால் பதவி தேவையில்லை என்று தீர்மானமாயிற்று. அதையும் நான்தான் டைப் அடித்தேன். அடிக்கும்போது உமாசங்கர் மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தானாக ஓடும் மெஷினுக்கு ஆள் எதற்கு? அடுத்த ஒப்பந்தத்தில் ஏ.சி. மெக்கானிக் இருந்தார், உமாசங்கர் இல்லை.

செகந்திராபாத்தில் ஒரு டுடோரியலில் பாடம் எடுத்தார். மறு வருஷ மழைக்காலத்தில் பகவதி போய்விட்டாள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவள் போன சில மாதங்களில் சம்பள விகிதம் மாறியது. புதிய விகிதத்தைப் போட்டதும் புரோகிராம் நின்றது. தொழிற்சாலை முழுக்கச் சம்பளம் இல்லை, கேட்டில் கோஷம். மெஷின் கம்பெனி மூலம் உமாசங்கரைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். ஒரு நாள் பாஸ். அதே மஞ்சள்.

மதியத்துக்குள் பட்டியல் ஓட ஆரம்பித்தது. சக்ரபாணி அவர் பக்கத்தில் வந்து நின்றார். "அவ்ளோதானே? முடிஞ்சுதா?"

"முடியல சார். சம்பளம் மாறிண்டேதான் இருக்கும். இது முடியற வேலையே இல்ல."

சக்ரபாணி என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு நிரந்தரப் பதவி அவசியம், வேலை தொடர்ச்சியானது என்று சொல்லச் சொல்ல எழுதினேன். வயது வரம்பு வந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு பழைய வரம்பையே சொன்னார். உமாசங்கர் அதைத் தாண்டி வெகுநாளாயிற்று என்பது அவருக்கும் தெரியும்.

உமாசங்கர் பாஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். கேட்டுவரை கூடப் போனேன். டிஸ்பென்சரி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இந்த போஸ்டுக்கு யாரு வந்தாலும், கல்யாணம் ஆனவனா இருந்தா, மொத நாளே மெடிக்கல் கார்டு வாங்கிக்கச் சொல்லுங்கோ, மாமி" என்றார்.

சரி என்றேன். பாஸைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.